பெட்டிக்குள் தூங்கிய இசை

ஐரோப்பாவே கொண்டாடிய ஒரு வயலின் மேதையின் இசைப் படைப்பு ஒன்று, அவர் இறந்த பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் காதிலும் விழாமல் கிடந்தது என்றால் நம்புவீர்களா? அந்த மேதையின் பெயர் நிக்கோலோ பாகனினி.

இத்தாலியின் ஜெனோவா என்ற துறைமுக நகரில், 1782 அக்டோபர் 27ல் பாகனினி பிறந்தார். எளிய குடும்பம். தந்தை அன்டோனியோ முதலில் மாண்டலினும், பின்னர் வயலினும் கற்றுக் கொடுத்தார். மிகவும் கண்டிப்பானவர். சரியாகப் பயிற்சி செய்யாவிட்டால் சாப்பாடு கிடையாதாம்! பாவம், சிறுவன் நாள் முழுவதும் வயலினும் கையுமாகவே இருந்தான்.

அந்த உழைப்பு வீண் போகவில்லை. வயலினுக்கு நான்கு தந்திகள் உண்டு அல்லவா? ஒரே ஒரு தந்தியில் முழுப் பாடலையும் வாசித்துக் காட்டினார் பாகனினி. 1828ல் வியன்னாவிலும், 1831ல் பாரிஸ், லண்டன் நகரங்களிலும் அவர் வாசித்தபோது மக்கள் திரண்டு வந்தனர். ஒல்லியான உருவம், வெளுத்த முகம், மின்னல் வேக விரல்கள்... சாத்தானிடம் வித்தை கற்றவர் என்று கூடச் சிலர் கதை கட்டினர். உண்மையில் அவர் கற்ற வித்தை, இடைவிடாத பயிற்சிதான்.

புகழ் வந்தது, கூடவே பயமும் வந்தது. தன் இசையைப் பிறர் நகல் எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சினார். கச்சேரிக்கு முன் இசைக்குழுவினரிடம் இசைக்குறிப்புத் தாள்களைக் கொடுப்பார். முடிந்ததும் மறக்காமல் திரும்ப வாங்கிப் பூட்டி வைப்பார். வாழ்நாளில் அவர் அச்சிட்டு வெளியிட்டவை மிகச் சில படைப்புகளே. அவற்றில் முக்கியமானது, 1820ல் வெளிவந்த, தனி வயலினுக்கான '24 காப்ரிஸ்கள்'. இதைக் கலைஞர்கள் அனைவருக்கும் காணிக்கையாக்கினார்.

1840 மே 27ல், நீஸ் நகரில் பாகனினி காலமானார். பூட்டி வைத்த தாள்கள் மகன் அக்கிலேவிடம் சேர்ந்தன. 1851ல் இரண்டு கான்செர்ட்டோக்கள் அச்சாயின. மற்ற கான்செர்ட்டோக்கள் உறங்கின.

அவரது நான்காவது வயலின் கான்செர்ட்டோ என்ன ஆனது தெரியுமா? இசைக்குழுவுக்கான தாள்கள் நத்தாலே கல்லினி என்ற இத்தாலியச் சேகரிப்பாளரிடம் கிடைத்தன. ஆனால், வயலினுக்கான பகுதியைக் காணோம்! மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் போல ஆயிற்று. தேடலுக்குப் பின் அதுவும் கிடைத்தது. 1954ல், பாரிஸ் நகரில் ஆர்தர் குருமியோ என்ற பெல்ஜிய வயலின் கலைஞர் அதை வாசித்தார். பாகனினி இறந்து 114 ஆண்டுகளுக்குப் பின் அந்த இசை மீண்டும் உயிர் பெற்றது!

பாகனினியின் பிரியமான வயலின், 1743ல் குவார்னேரி என்ற கைவினைஞர் செய்தது. அதன் கம்பீரமான ஒலிக்காக, 'பீரங்கி' என்று அதற்குச் செல்லப் பெயர். அதைத் தன் பிறந்த ஊருக்கே எழுதி வைத்தார். ஜெனோவாவில் அவர் பெயரால் நடக்கும் வயலின் போட்டியில் வெல்பவர்கள் அதை வாசிக்கும் பேறு பெறுகின்றனர்.

பாருங்கள் குழந்தைகளே! அவர் எல்லாருக்கும் கொடுத்த 24 காப்ரிஸ்களை உலகெங்கும் வயலின் மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர். ஒளித்து வைத்ததோ தொலைந்து போகப் பார்த்தது. நீங்கள் கற்ற கணக்கையோ, பாட்டையோ பக்கத்து நண்பனுக்கும் சொல்லிக் கொடுங்கள். கொடுக்கக் கொடுக்க வளர்வது கலையும் கல்வியும்தான்!