வானம் பயின்ற ஓவியர்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஸ்டூர் ஆற்றின் அருகே அமைந்த சிற்றூர் ஈஸ்ட் பெர்கோல்ட். அங்கே 1776ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ஜான் கான்ஸ்டபிள் பிறந்தார். தந்தை தானிய வணிகர். ஆற்றங்கரையில் மாவரைக்கும் ஆலைகளை நடத்தியவர். தம் தொழிலை மகன் ஏற்க வேண்டும் என அவர் விரும்பினார். மகனும் சிலகாலம் ஆலையில் பணிபுரிந்தார். காற்றின் விசையால் சுழலும் ஆலையில் வேலை செய்பவர் வானத்தை நோக்கியே தீர வேண்டும். அப்பழக்கம் பின்னாளில் அவருடைய ஓவியத்திற்கு உரமாயிற்று.

1799இல் தந்தையின் இசைவுடன் லண்டன் சென்று ராயல் அகாதெமியில் பயின்றார். புராணக் காட்சிகளும் வரலாற்று நிகழ்ச்சிகளுமே உயர்ந்த ஓவியங்களாகப் போற்றப்பட்ட காலம் அது. கான்ஸ்டபிளோ தாம் வளர்ந்த ஊரின் மதகுகளையும் படகுகளையும் ஈரம் படிந்த புல்வெளிகளையும் வரைந்தார். 1802இல் தேடிவந்த ஓவிய ஆசிரியர் பணியையும் மறுத்தார். வருவாய் குறைந்தது. அதனால் மரியா பிக்னெல் மீது கொண்ட காதலை அவர்தம் குடும்பத்தார் எதிர்த்தனர். ஏழாண்டுக் காத்திருப்பிற்குப் பின், 1816இல், நாற்பதாம் வயதில் மரியாவை மணந்தார்.

'வைக்கோல் வண்டி' என இன்று உலகம் அறியும் ஓவியத்தை 1821இல் காட்சிக்கு வைத்தார். அவர் இட்ட பெயர் 'நிலக்காட்சி: நண்பகல்' என்பதே, நிலமும் பொழுதும் மட்டுமே அப்பெயரில் உள்ளன. லண்டன் காட்சியில் அதனை வாங்குவார் இலர். 1824இல் பாரிஸ் கண்காட்சியில் அதே ஓவியம் பொற்பதக்கம் பெற்றது. அதைக் கண்ட டெலக்ரோவா, தாம் முடித்திருந்த ஓவியத்தின் சில பகுதிகளைத் திருத்தி வரைந்தார். கான்ஸ்டபிள் பாரிசுக்குச் செல்லவில்லை. வாழ்நாளில் இங்கிலாந்தை விட்டு அவர் வெளியேறியதே இல்லை.

ஹேம்ஸ்டெட் மேட்டில் குடியிருந்தபோது, 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் முகில்களை மட்டுமே பல தாள்களில் வண்ணம் தீட்டினார். நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைத் தாளின் பின்புறம் குறித்தார். ஓவியரா, வானிலை ஆய்வாளரா என ஐயுறத்தக்க உழைப்பு அது.

1828இல் மரியா காசநோயால் மறைந்தார். ஏழு குழந்தைகளும் தாயை இழந்தனர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ராயல் அகாதெமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தது; அதுவும் ஒரே வாக்கு வேறுபாட்டில். அவரினும் ஓராண்டே மூத்த டர்னர் அப்பெருமையை 1802இலேயே பெற்றிருந்தார். உடன் மகிழ மனைவி இல்லாத வேளையில் வந்த சிறப்பு கான்ஸ்டபிளின் துயரை ஆற்றவில்லை. பின்னர் வரைந்த ஓவியங்களில் முகில்கள் கறுத்துத் திரண்டன.

1837 மார்ச் 31ஆம் நாள் லண்டனில் உயிர்நீத்த அவர், ஹேம்ஸ்டெட் தேவாலயத்தில் மரியாவின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.