தன் நெஞ்சைத் தானே விசாரித்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

சென்ற வருடம் மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதலிடம் கிடைத்தது. தலைப்பு, இக்லாஸ் எனும் மனத்தூய்மை. வீடு திரும்பும்போது என் மனதில் இக்லாஸ் இருக்கவில்லை. கைதட்டல் ஒலிதான் இருந்தது. அன்றிரவு உம்மா, நான் பேசியவற்றில் எதை நாளையிலிருந்து செய்யப் போகிறேன் என்று சாதாரணமாகக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு கேள்வியைத் தன்னிடமே கேட்டு, வாய் திறக்க முடியாமற்போன பேராசான் ஒருவர் இருந்தார் என்பதைப் பின்னர்தான் வாசித்தறிந்தேன். அவரே ஹுஜ்ஜதுல் இஸ்லாம் இமாம் அபூ ஹாமித் முஹம்மத் அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

இமாமவர்கள் 1058 ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 450 இல், குராஸானின் தூஸ் நகரில் பிறந்தார்கள். அவ்விடம் இன்று ஈரானில் உள்ளது. தந்தை கம்பளி நூல் நூற்று வாழ்ந்த ஏழை என்பர். மரணத் தறுவாயில் அவர் தம் இரு புதல்வர்களான முஹம்மதையும் அஹ்மதையும், தம்மிடமிருந்த சிறு பணத்தையும் ஸூபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்ததும், உணவும் உறைவிடமும் தரும் மத்ரஸாவில் சேருமாறு அந்நண்பர் பிள்ளைகளுக்கு ஆலோசனை கூறினார். ஆக, அவர்களை மத்ரஸாவின் வாசலுக்கு அழைத்துச் சென்றது பசி. அல்லாஹ் அல்லாத ஒன்றுக்காகவே கல்வியைத் தேடினோம், ஆனால் கல்வியோ அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டது என்ற கருத்தைப் பிற்காலத்தில் இமாமவர்கள் நினைவுகூர்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். புற ஊக்கம், அக ஊக்கம் என்று உளவியல் நூல்கள் இன்று பிரித்துக் காட்டுவதை அந்த ஏழைச் சிறுவர்கள் வாழ்ந்தே அறிந்தார்கள்.

இளமையில் ஜுர்ஜான் சென்று கற்றுத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவருடைய பொதியைப் பறித்தனர். பாடக் குறிப்புகளையாவது தரும்படி அவர் கெஞ்சினார். தாளைப் பறித்தவுடன் பறிபோகும் அறிவு என்ன அறிவு என்று தலைவன் ஏளனமாகச் சிரித்துவிட்டு அவற்றைத் திருப்பிக் கொடுத்தான். ஊர் வந்த இமாமவர்கள் அக்குறிப்புகளை மூன்று வருடங்களில் மனனம் செய்து முடித்தார்கள். திருடனின் ஏளனத்தைக்கூடப் பாடமாக ஏற்றுக்கொண்ட மனம் அது.

பின்னர் நிஷாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கற்றார்கள். 1085 இல் ஆசிரியர் வபாத்தானபின் அமைச்சர் நிழாமுல் முல்க்கின் சபையில் இடம் பெற்றார்கள். 1091 இல், 33 வயதளவில், பக்தாத் நிழாமிய்யாக் கலாசாலையின் தலைமை ஆசிரியரானார்கள். சுமார் 300 மாணவர் அவரிடம் கற்றனர். அரசவையும் அறிஞர் உலகும் அவரைக் கொண்டாடின.

வெளியே இவ்வளவு புகழிருந்தும், உள்ளே கேள்விகள் ஓயவில்லை. கிறிஸ்தவரின் பிள்ளை கிறிஸ்தவராகவும் யூதரின் பிள்ளை யூதராகவும் முஸ்லிமின் பிள்ளை முஸ்லிமாகவும் வளர்வதை இளமையிலேயே அவர் கவனித்திருந்தார். அப்படியானால் நாம் நம்புவதில் நாமே கண்டறிந்தது எது, சூழலைப் பார்த்துப் பின்பற்றியது எது? சமூகம் தனிமனிதனின் எண்ணத்தையும் நடத்தையையும் எவ்வாறு உருவாக்குகிறது என்பதே சமூக உளவியலின் அடிப்படைக் கேள்வி. கஸ்ஸாலி இமாம் அதைப் புத்தகத்திற்காக அன்றித் தன் ஈமானுக்காகக் கேட்டார்.

1095 இல், ஹிஜ்ரி 488 ரஜப் மாதமளவில், அக்கேள்வி அவருடைய தொழிலையே தொட்டது. தான் கற்பிப்பதன் நோக்கம் என்ன என்று ஆராய்ந்தபோது, பதவி ஆசையும் புகழ் ஆசையுமே அடியில் கிடக்கக் கண்டார். போய்விட வேண்டும் என்று காலையில் தீர்மானிப்பார். மாலையில் மனம் மாறிவிடும். ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே கழிந்தது. ஒரு நாள் பாடம் நடத்த முயன்றபோது நாவு அசையவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்கு இறங்கியிருக்கிறது, மனக்கவலை நீங்கினாலன்றி மருந்து பயன்படாது என்று வைத்தியர்கள் கைவிரித்தனர்.

குடும்பத்தின் தேவைக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு, மிகுதிச் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்து இமாமவர்கள் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். டமஸ்கஸ் பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். மக்கா, மதீனாவைத் தரிசித்தார்கள்.

இக்காலத்தின் கனியே இஹ்யா உலூமுத்தீன். நாற்பது பாகங்கள் கொண்ட அப்பெருநூலில் ஆளுமை பற்றி அவர் கூறுபவை என்னை வியக்க வைத்தன. குணம் என்பது எப்போதாவது செய்யும் நற்செயல் அல்ல. யோசிக்காமலே இலகுவாகச் செயல் பிறக்கும்படி உள்ளத்தில் ஊன்றிவிட்ட நிலை. அதைப் பழக்கத்தால் மாற்றலாம். அழகாக எழுத விரும்புபவர் முதலில் சிரமப்பட்டு நல்ல எழுத்தைப் பார்த்து எழுதுகிறார். நாளடைவில் அதுவே அவர் கையின் இயல்பாகிறது. குணமும் அப்படியே வளரும் என்கிறார்.

தன் குறையை அறிய நான்கு வழிகளையும் காட்டுகிறார்: நல்ல வழிகாட்டி, உண்மை பேசும் தோழர், பகைவரின் வாய், பிறரிடம் காணும் குறையைத் தன்னிலும் தேடிப் பார்ப்பது. மற்றவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று எண்ணியே நாம் நம்மை உருவாக்கிக்கொள்கிறோம் என்பதை 1902 இல் சார்ள்ஸ் கூலி எனும் அமெரிக்க அறிஞர் கண்ணாடி உவமையால் விளக்கினார். இமாமவர்களோ அக்கண்ணாடியில் அழகை அல்ல, அழுக்கைத் தேடச் சொன்னார்கள்.

முகஸ்துதி பற்றிய பகுதியில்தான் நான் பிடிபட்டேன். தனிமையில் சோம்பல், மக்கள் முன் உற்சாகம், புகழ்ந்தால் இன்னும் கூடுதல். இவை அதன் அடையாளங்களாம். பிறர் உடனிருக்கும்போது மனிதர் வேகமாக இயங்குவதை 1898 இல் நோர்மன் ட்ரிப்லெட் சைக்கிளோட்டிகளிடமும் சிறுவர்களிடமும் ஆராய்ந்தார். அது மனித இயல்பு என்று உளவியல் சொல்லும். அந்த இயல்பு நம்மை எங்கே கொண்டு போகிறது என்று பார்த்துக்கொள் என்பார் இமாம்.

அப்படியானால் மேடையை விட்டுவிடுவதா? அதற்கும் அவர் விடை வைத்திருக்கிறார். முகஸ்துதிக்கு அஞ்சி நற்செயலையே கைவிடுவது ஷைத்தானின் மற்றொரு வலை என எச்சரிக்கிறார். அவருடைய வாழ்வும் அதையே காட்டுகிறது. ஏறத்தாழ 11 வருடங்களின் பின், 1106 இல், நிஷாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்கள். தொழில் பழையதுதான். முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைப் போதித்தேன், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியை நோக்கி அழைக்கிறேன் என்பதே அவர் சொன்ன வேறுபாடு. ஆனாலும் அதில் வெற்றி பெறுவேனா என்பதை அல்லாஹ்வே அறிவான் என்று அடங்கி நின்றார்கள்.

இறுதியில் தூஸ் திரும்பி, 1111 டிசம்பரில் இமாமவர்கள் வபாத்தானார்கள்.

இவ்வருடப் போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். பேச்சை இன்னும் எழுதத் தொடங்கவில்லை. உம்மாவின் கேள்விக்கு உரிய பதிலைத்தான் முதலில் எழுதி, என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். அது யாருக்கும் வாசித்துக் காட்டுவதற்கல்ல.