கைக்கு ஏற்ற மட்டை! கோல்ப் மன்னர் பாபி ஜோன்ஸ் கதை

அந்தக் குழந்தைக்கு 5 வயது வரை கெட்டியான ஆகாரம் எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு மெலிந்து கிடந்தது. டாக்டர்கள் வந்து பார்த்தார்கள், போனார்கள். முதல் குழந்தையை ஏற்கெனவே பறிகொடுத்திருந்த பெற்றோர், இந்தப் பிள்ளையாவது தங்குமா என்று ஏங்கினார்கள்.

பிள்ளை தங்கினான். வளர்ந்தான். பின்னாளில் ஒரே ஆண்டில் 4 பெரிய பட்டங்களை வென்று உலகத்தையே வியக்க வைத்தான்.

அவர்தான் கோல்ப் மன்னர் பாபி ஜோன்ஸ்!

1902-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவில் ஜோன்ஸ் பிறந்தார். தந்தை வக்கீல்.

மகனுக்கு நல்ல காற்று வேண்டும் என்பதற்காக, குடும்பம் நகருக்கு வெளியே ஈஸ்ட் லேக் என்ற இடத்துக்குப் போய்த் தங்கியது. வீட்டின் பக்கத்திலேயே ஒரு கோல்ப் மைதானம் இருந்தது. அதுதான் அந்தச் சிறுவனின் வாழ்க்கையை மாற்றியது.

பார்த்தே படித்த பாடம்

கோல்ப் என்பது, தரையில் இருக்கும் சிறு பந்தை நீண்ட மட்டையால் அடித்து, தொலைவில் உள்ள குழியில் விழச் செய்யும் ஆட்டம். ஒரு சுற்றில் 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி.

ஈஸ்ட் லேக் மைதானத்தில் ஸ்டூவர்ட் மெய்டன் என்பவர் பயிற்சியாளராக இருந்தார். ஸ்காட்லாந்து நாட்டில் கார்னூஸ்டி என்ற ஊரிலிருந்து வந்தவர். அவர் ஆடும்போதெல்லாம் சிறுவன் ஜோன்ஸ் பின்னாலேயே போவான். அவர் நிற்பதைப் பார்ப்பான். மட்டையை வீசுவதைப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து அதே மாதிரி வீசுவான்.

முறையாக உட்கார வைத்து யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. கண்ணால் பார்த்தான்; கையால் செய்தான். அவ்வளவுதான்!

அவனுக்குக் கிடைத்த முதல் மட்டை, பெரியவர்கள் ஆடிய பழைய மட்டை. அவன் உயரத்துக்குத் தக்கபடி அதன் நீளத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஏற்ற மட்டை என்ற பாடம் அப்போதே தொடங்கிவிட்டது.

9 வயதில் சிறுவர் பந்தயத்தில் ஜெயித்தான். 14 வயதில், 1916-ம் ஆண்டில், பெரியவர்களோடு அமெரிக்க அமெச்சூர் பந்தயத்தில் இறங்கினான். மெரியன் என்ற மைதானத்தில் நடந்த அந்தப் பந்தயத்தில் கால் இறுதி வரை வந்தான். ஊரெங்கும் அவன் பேச்சுத்தான்.

முன்கோபி!

ஆனால் அவருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. முன்கோபம்! பந்து தவறினால் மட்டையைத் தூக்கி எறிவார்.

1921-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தில், கோல்ப் ஆட்டத்தின் தாயகமான செயிண்ட் ஆண்ட்ரூஸ் மைதானம். பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயம். மணல் குழியில் சிக்கிய பந்து வெளியே வரவே மறுத்தது. ஜோன்ஸ் பந்தயத்தை முடிக்காமலே விலகிவிட்டார்!

அதே ஆண்டு அமெரிக்காவில் அவர் வீசி எறிந்த மட்டை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் காலில் பட்டது. கோபத்தை அடக்காவிட்டால் இனி ஆட முடியாது என்று கோல்ப் சங்கம் அவரை எச்சரித்தது.

ஜோன்ஸ் வெட்கப்பட்டார். தன்னைத் திருத்திக்கொண்டார். 1923-ம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் பட்டம் அவருக்குக் கிடைத்தது. அதுவே அவருடைய முதல் பெரிய வெற்றி.

1925-ம் ஆண்டில் அதே அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில் ஆடினார். அடிப்பதற்கு முன் பந்து சிறிது அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தாமே சொல்லி, ஓர் அடியை அபராதமாக ஏற்றுக்கொண்டார். அந்த ஓர் அடியால் இருவர் கணக்கு சமமாயிற்று. மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார்! ஊர் பாராட்டியது. அவரோ, அது பாராட்டத்தக்க காரியமே அல்ல என்று கருதினார்.

காம்பில் இருக்கிறது சூட்சுமம்

மட்டையை எறிந்தவர், மட்டையை ஆராயத் தொடங்கியதுதான் இந்தக் கதையின் முக்கியமான கட்டம்.

மண்வெட்டிக்குக் காம்பு எப்படியோ, அப்படித்தான் கோல்ப் மட்டைக்கும் காம்பு. பந்தில் படுவது தலை. கையில் பிடிப்பது காம்பு. தலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், காம்பு சரியில்லை என்றால் வேலை கெட்டுவிடும்.

அந்தக் காலத்தில் காம்பை ஹிக்கரி என்ற மரத்தில் செய்தார்கள். அது வட அமெரிக்காவில் வளரும் உறுதியான மரம். வளையும், சுலபத்தில் ஒடியாது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு காம்பைப் போல இன்னொரு காம்பு இருக்காது. ஒன்று விறைப்பாக இருக்கும். ஒன்று துவளும். வேகமாக வீசினால் வளைவது மட்டும் அல்ல, முறுக்கிக்கொள்ளவும் செய்யும். முறுக்கினால் தலை திரும்பும். தலை திரும்பினால் பந்து வேறு திசையில் ஓடும்.

ஜோன்சின் வீச்சு நீளமானது, அவசரம் இல்லாதது. பார்ப்பவர்களுக்கு அவர் சோம்பலாக வீசுவது போலத் தோன்றும். ஆனால் பந்து பறக்கும்! அந்த வீச்சுக்கு ஏற்ற காம்பு அவருக்கு வேண்டியிருந்தது.

அளந்து சொல்ல இன்று இருப்பது போன்ற கருவிகள் அன்று இல்லை. கைதான் தராசு. மட்டையை எடுப்பார், வீசிப் பார்ப்பார். கைக்குப் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுவார். இப்படிப் பல ஆண்டுகள் பொறுமையாகத் தேடி, ஒவ்வொன்றாகத் தம் மட்டைகளைச் சேர்த்தார்.

ஜீனி டீன்ஸ்

கோல்ப் ஆட்டத்தில் டிரைவர் என்றால் கார் ஓட்டுபவர் அல்ல. முதல் அடியில் பந்தை வெகு தூரம் அனுப்பும் மட்டைக்குத்தான் அந்தப் பெயர். எல்லா மட்டைகளிலும் நீளமானது அதுவே. நீளம் அதிகமாக இருப்பதால், காம்பின் குணம் அதில்தான் அதிகமாகத் தெரியும்.

ஜோன்சின் புகழ் பெற்ற டிரைவரைச் செய்தவர் ஜாக் ஒயிட். 1904-ம் ஆண்டில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்ற ஆட்டக்காரர். லண்டன் நகருக்கு அருகே சன்னிங்டேல் மைதானத்தில் பல ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர்.

அந்த டிரைவருக்கு ஒரு பெயரும் உண்டு. ஜீனி டீன்ஸ்! எழுத்தாளர் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நாவலின் கதாநாயகி அவள். தங்கையின் உயிரைக் காப்பதற்காகக் கூடப் பொய் சொல்ல மறுத்தவள். பிறகு தங்கைக்கு மன்னிப்புக் கேட்க லண்டனுக்கு நடந்தே போனவள். இலக்கியம் படித்தவர் அல்லவா ஜோன்ஸ்? அவர் இயந்திரப் பொறியியலில் ஒரு பட்டமும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் ஒரு பட்டமும் பெற்றவர். பிறகு சட்டம் படித்து வக்கீலும் ஆனார்.

ஒரே ஆண்டில் 4 பட்டம்

1930-ம் ஆண்டு வந்தது. அப்போது ஜோன்சுக்கு வயது 28.

மே மாதம் செயிண்ட் ஆண்ட்ரூசில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம். எந்த ஊரில் கோபித்துக்கொண்டு விலகினாரோ, அதே ஊரில் வெற்றி! ஜூன் மாதம் ஹொய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம். ஜூலை மாதம் மின்னசோட்டா மாநிலத்தில் அமெரிக்க ஓப்பன் பட்டம். செப்டம்பர் மாதம் மெரியனில் அமெரிக்க அமெச்சூர் பட்டம். 14 வயதுச் சிறுவனாக அவர் ஆடிய அதே மைதானம்!

இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது நியூயார்க் நகரம் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றது. ஆனால் இந்தப் பட்டங்களுக்காக அவர் ஒரு காசு கூடப் பரிசுப் பணம் வாங்கவில்லை. கடைசி வரை அமெச்சூராகவே ஆடினார்.

அந்த ஆண்டு நவம்பர் மாதமே பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டார். 1923 முதல் 1930 வரை அவர் வென்ற பெரிய பட்டங்கள் 13.

உருக்கு வந்தது

இதற்குள் உருக்குக் காம்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் 1924-ம் ஆண்டிலும், பிரிட்டனில் 1929-ம் ஆண்டிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனாலும் 1930-ம் ஆண்டின் 4 பட்டங்களையும் ஜோன்ஸ் மரக் காம்பு மட்டைகளாலேயே வென்றார். கைக்குப் பழகியதை அவர் விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஸ்பால்டிங் கம்பெனிக்காக உருக்குக் காம்பு மட்டைகளை வடிவமைத்துக் கொடுத்தார். உருக்கில் ஒரு பெரிய வசதி உண்டு. முறுக்கல் குறைவு. ஒரே மாதிரியான காம்புகளை ஆயிரக்கணக்கில் செய்யலாம். ஏழை மரத்தொழிலாளி தேடித் தேடி எடுத்த காம்புக்குப் பதில், ஆலையில் ஒரே அளவாகச் செய்த காம்பு எல்லோருக்கும் கிடைத்தது.

பிற்காலத்தில் ஜோன்சின் பழைய மர மட்டைகளைக் கருவிகளைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். வீசும்போது கையில் தெரியும் கனம் எல்லா மட்டைகளிலும் ஒத்திருந்தது. ஒரே ஒரு மட்டையைத் தவிர! அது இன்றைய 8-ம் எண் மட்டைக்கு ஏறத்தாழச் சமமானது.

அந்த ஒரு மட்டைதான் ஜோன்சுக்கு எப்போதும் தொல்லை கொடுத்து வந்த மட்டை!

எந்தக் கருவியும் இல்லாமல் அவருடைய கை எடை போட்டது சரியாகவே இருந்தது. அதே சமயம், சரியாக அமையாத மட்டை அவ்வளவு பெரிய வீரரையும் விடவில்லை.

இன்று எப்படித் தேர்ந்தெடுப்பது?

இன்று டிரைவரின் காம்பு பெரும்பாலும் கார்பன் நாரால் ஆனது. எடை மிகக் குறைவு. வீச்சின் வேகத்தை அளக்கவும் கருவி உண்டு. ஆனால் விதி பழைய விதியேதான். வீச்சுக்கு ஏற்ற காம்பு!

மெதுவாக வீசுபவருக்கு வளைந்து கொடுக்கும் காம்பு வேண்டும். வேகமாக வீசுபவருக்கு விறைப்பான காம்பு வேண்டும். மட்டையின் தலை மணிக்கு 85 மைல் வேகத்துக்குக் குறைவாக வந்தால், நன்றாக வளையும் காம்பு போதும். 85 முதல் 95 மைல் வரை, ஆர் என்று குறித்த நடுத்தரக் காம்பு. 95 முதல் 105 மைல் வரை, எஸ் என்று குறித்த விறைப்பான காம்பு. அதற்கும் மேலே எக்ஸ். இவை ஏறத்தாழச் சொல்லும் கணக்குகளே. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ், இன்னொரு கம்பெனியின் ஆர் போல இருக்கக்கூடும். ஆகவே எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து தாழ்வாகவும் வலப் பக்கம் விலகியும் போய்க்கொண்டே இருந்தால், காம்பு விறைப்பு அதிகமோ என்று பார்க்க வேண்டும். மிக உயரமாக எழும்பி இடப் பக்கம் திரும்பினால், துவளும் காம்போ என்று பார்க்க வேண்டும். மெதுவாக வீசுபவருக்குத் தலையின் சாய்வும் சற்று அதிகம் வேண்டும். அப்போதுதான் பந்து மேலே எழும்பும்.

நீளமான டிரைவர் பந்தை அதிக தூரம் அனுப்பும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நீளம் கூடக் கூட, தலையின் நடுவில் பந்தைச் சந்திப்பது கடினம். சட்டப்படி டிரைவரின் நீளம் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2022 முதல், பெரிய தொழில்முறைப் பந்தயங்களில் 46 அங்குலமே எல்லை என்று வைக்கலாம் என விதி வந்தது.

பலசாலி வாங்கும் காம்பைத் தானும் வாங்கினால் தானும் பலசாலி ஆகிவிட முடியாது. பிறருடைய செருப்பு நம் காலுக்குப் பொருந்துமா?

கை ஓய்ந்தது

ஜோன்ஸ் ஜார்ஜியாவில் அகஸ்டா என்ற ஊரில் ஓர் அழகிய மைதானத்தை உருவாக்கினார். 1934-ம் ஆண்டில் அங்கே தொடங்கிய பந்தயம்தான் மாஸ்டர்ஸ் என்று இன்று உலகப் புகழுடன் விளங்குகிறது.

ஆனால் விதி வேறு விதமாக விளையாடியது. அவர் தண்டுவடத்தில் நோய் கண்டது. 1948-ம் ஆண்டில் கடைசியாக ஒரு சுற்று ஆடினார். பிறகு ஆடவே முடியவில்லை. முதலில் கைத்தடி. பிறகு சக்கர நாற்காலி. மட்டையின் கனத்தை அப்படித் துல்லியமாக எடை போட்ட கைகள் உணர்ச்சி குன்றிப் போயின.

அவர் கலங்கவில்லை, யாரையும் நோகவில்லை. ஒரு காலத்தில் ஒரு பந்து தவறியதற்கே மட்டையை எறிந்தவர், 20 ஆண்டுகளுக்கு மேல் நோயைப் பொறுமையாகத் தாங்கினார்.

1958-ம் ஆண்டில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரைத் தன் நகர மகனாக ஏற்றுக் கவுரவித்தது. அவருக்கு முன்பு அந்தச் சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே.

1971-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ந் தேதி, 69-வது வயதில், பிறந்த ஊரான அட்லாண்டாவிலேயே ஜோன்ஸ் காலமானார்.

கோபத்தில் மட்டையை எறிந்த காலத்தில் அவருக்குப் பெரிய பட்டம் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. பொறுமையாக வீசிப் பார்த்துத் தம் கைக்கு ஏற்றதைத் தேடிக்கொண்ட பிறகு 13 பட்டங்கள் கிடைத்தன. கோல்ப் மட்டை வாங்குபவர்களுக்கு மட்டும் அல்ல, எந்தத் தொழிலில் எந்தக் கருவியை எடுப்பவர்களுக்கும் அது நல்ல பாடம்.