இடது மரையும் வில்பர் ரைட்டும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஏதாவது விஞ்ஞானி வாழ்க்கையை எழுது என்றார்கள். நானோ அந்த வாரம் முழுக்க ஒரு மிதிகட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த மிதிகட்டையே என்னை ஒரு விஞ்ஞானியிடம் கொண்டுபோய் விட்டது. கதையைக் கேளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகன் தன் பழைய ரோடு சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டார். மிதிகட்டை ஷூவின் அடியில் பூட்டிக்கொள்ளும் வகை. கிளிப்லெஸ் பெடல் என்பார்கள். உழவர்கரையிலிருந்து காலேஜுக்கு முதல் நாள் மிதித்தபோதே கிறீச், கிறீச் என்று சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு கடையில் விட்டேன். பி.பி. பேரிங் போச்சு என்று மாற்றினார்கள். அறுநூறு ரூபாய் போனது, சத்தம் போகவில்லை.

பிறகு நானே யோசித்தேன். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். அப்போதும் சத்தம், ஆகவே சீட்டில் கோளாறு இல்லை. ஒவ்வொரு காலாக மிதித்தேன். இடது காலுக்கு மட்டும் சத்தம். ஷூவைக் கழற்றிச் செருப்புக் காலோடு மிதித்தேன். அப்போதும் வந்தது. செருப்புக்குச் சத்தம் நின்றிருந்தால் ஷூவின் அடியில் உள்ள கிளீட் திருகுகளைச் சந்தேகிக்கலாம். நிற்காததால், மிதிகட்டையின் அச்சு கிராங்கில் ஏறும் மரையில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்தேன்.

ஸ்பானர் போட்டு வழக்கம்போல இடப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. முழு பலத்தோடு அழுத்தினேன். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் போனதுதான் மிச்சம். எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் பார்த்துச் சிரித்தார். இடது பெடலுக்கு இடது மரைடா தம்பி, நீ இவ்வளவு நேரம் இறுக்கிக்கிட்டு இருந்திருக்கே என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிராங்க் மரையே போயிருக்கும்.

ஏன் இடது மரை என்று தேடியபோதுதான் வில்பர் ரைட் வந்து நின்றார். ஆமாம், விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் மூத்தவர்.

வில்பர் 1867 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். தாய் சூசன் கருவிகளைக் கையாள்வதில் கெட்டிக்காரர். பள்ளியில் நான்கு ஆண்டும் முடித்தார். ஆனால் 1884-ல் குடும்பம் ஒஹையோவின் டேட்டன் நகருக்குக் குடிபெயர்ந்ததால் டிப்ளமா கைக்கு வரவில்லை. 1885-86 குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் விளையாடும்போது மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போயின. யேல் பல்கலைக்கழகம் போகும் ஆசையும் அதோடு போனது. வீட்டோடு அடைந்து கிடந்து, காசநோயில் இருந்த தாயைப் பராமரித்தார். 1889-ல் தாய் இறந்தார்.

அடுத்து தம்பி ஆர்வில்லோடு அச்சகம். 1892-ல் சைக்கிள் கடை. 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் தயாரித்தார்கள். அந்தக் காலத்துச் சைக்கிள்களில் இரண்டு மிதிகட்டைக்கும் ஒரே வலது மரைதான் இருந்தது. மிதிக்க மிதிக்க ஒன்று இறுகும், மற்றது கழன்று விழும். 1900-ல் சகோதரர்கள் கழலாத மிதிகட்டை என்று ஒன்றை அறிவித்தார்கள். வலதுக்கு வலது மரை, இடதுக்கு இடது மரை. இதன் சூட்சுமத்தை வகுப்பிலேயே பார்க்கலாம். ஒரு பென்சிலை விரல்களுக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் எதிர்த்திசையில் தானாக உருளும். கிராங்கின் துளைக்குள் மிதிகட்டை அச்சும் அப்படித்தான் நகரப் பார்க்கிறது.

பறக்கும் ஆராய்ச்சியும் அந்தக் கடையிலேயே வளர்ந்தது. 1899-ல் ட்யூப் வந்த அட்டைப்பெட்டியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான், இறக்கையை முறுக்கி விமானத்தைச் சாய்க்கலாம் என்று வில்பருக்குத் தோன்றியது. 1901-ல் இறக்கைகளைச் சோதிக்கச் சைக்கிளின் கைப்பிடிக்கு முன்னால் மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கையாகப் பொருத்தி ஓட்டினார்கள். எஞ்ஜினைக் கட்டியவர் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். அதிலிருந்து விசிறிகளுக்கு விசை போனது செயின் வழியாக.

1903 நவம்பரில் கிட்டி ஹாக் மணல்வெளியில் எஞ்ஜினை ஓட்டினால், விசிறி அச்சில் உள்ள பல்சக்கரம் திரும்பத் திரும்பத் தளர்ந்தது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. சைக்கிள் டயர் ஒட்டும் கெட்டிப் பசையை ஊற்றி நிறுத்தினார்கள்! அடுத்து அச்சிலேயே விரிசல். ஆர்வில் ஊருக்குப் போய் ஸ்பிரிங் எஃகில் புது அச்சு செய்து வந்தார். டிசம்பர் 14 அன்று வில்பரின் முதல் முயற்சி சறுக்கியது. 17 அன்று ஆர்வில் 12 விநாடி, 120 அடி பறந்தார். அன்றைய கடைசிப் பறப்பில் வில்பர் 59 விநாடி, 852 அடி.

ஐந்து ஆண்டு கழித்து 1908 ஆகஸ்ட் 8 அன்று, நம்ம ஊரையும் ஆண்டுகொண்டிருந்த பிரான்சில், லெ மான் அருகே வில்பர் பறந்து காட்டினார். சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1912 மே 30 அன்று டைபாய்டு காய்ச்சலில், 45 வயதில் மறைந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய பள்ளி டிப்ளமாவை 1994 ஏப்ரல் 16 அன்று, 127-வது பிறந்த நாளில்தான் கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. விசேஷ வீடுகளில் என்ன படிக்கிறே என்று கேட்டு, பதில் சொன்னதும் ஓ டிப்ளமாவா என்று முகத்தைத் திருப்புவார்களே, அந்த நேரங்களில் நான் தலையைக் குனிந்திருக்கிறேன். இனி குனிவதாக இல்லை.

மிதிகட்டை என்ன ஆச்சு என்கிறீர்களா? சரியான திசையில் திருப்பியதும் கழன்றது. மரையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை, மண்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் தடவி, கையால் நேராக ஏற்றி, பிறகு ஸ்பானரால் இறுக்கினேன். சத்தம் நின்றது. செலவு பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

லாஸ்பேட்டை பக்கம் விமானம் இறங்கும்போதெல்லாம் இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். பிறகு குனிந்து என் இடது மிதிகட்டையையும் பார்க்கிறேன். இரண்டும் ஒரே கடையில் பிறந்தவை போலத்தான் தோன்றுகிறது.