மிதித்தால் யோசிக்கும் காரை வழிக்குக் கொண்டுவந்தவர்... யார் இந்த மார்க் டோனஹ்யூ?

டர்போ கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி கொஞ்சம் யோசிக்கும்; அப்புறம்தான் பாயும். இதற்குப் பெயர் ‘டர்போ லேக்’. வீட்டுக் காரில் இது சின்ன எரிச்சல். பந்தயக் காரில், அதுவும் வளைவின் நடுவே, உயிர்ப் பிரச்னை. 1970-களில் இதோடு மல்லுக்கட்டியவர் அமெரிக்க வீரர் மார்க் டோனஹ்யூ.

இன்ஜினீயர் ஓட்டுநர்

1937-ல் நியூஜெர்சியில் பிறந்த டோனஹ்யூ, பிரவுன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். ரோஜர் பென்ஸ்கே அணிக்காக 1972-ல் ‘இண்டியானாபோலிஸ் 500’ பந்தயத்தை வென்றார். காரை ஓட்டிவிட்டு இறங்கிப் போகிறவர் அல்ல. வண்டி ஏன் அப்படி நடந்துகொண்டது என்று துருவித் துருவிக் கேட்பவர்.

தாமதம் ஏன்?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்வது டர்போ. அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காலை எடுத்தால் புகை குறையும், டர்போவின் சுழற்சியும் தளரும். மறுபடி மிதித்தால் அது வேகம் பிடிக்கும்வரை காத்திருக்கணும்.

‘கேன்-ஆம்’ பந்தயத்துக்காக போர்ஷே உருவாக்கிய 917/10 காரில் 12 சிலிண்டர், 5 லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போ. ஜெர்மனியில் அதைச் சோதித்தபோது, மிதித்தால் முதலில் ஒன்றுமே வராது. வந்தால் மொத்தமாக வரும். சக்தி எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்து மிதிக்கணும். கணக்கு தப்பினா கார் சுழன்றுவிடும்.

பாதி பெடலில் இருந்த பதில்

சோதனை மேடையில், அதிக சுழற்சியில் அந்த இன்ஜின் பிரமாதமாக ஓடியது. தகராறு எல்லாம் குறைந்த சுழற்சியில், பெடலைப் பாதி அழுத்தும்போதுதான். அங்கேயும் அளந்து சரிசெய்யச் சொன்னார் டோனஹ்யூ. எரிபொருள் பம்ப் எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் தரணும் என்பது திருத்தப்பட்டது. டர்போ வேகம் பிடிக்கும்வரை இன்ஜின் மூச்சுத் திணறாமல் இருக்க, வெளிக்காற்றை நேரடியாக உள்ளே விடும் வால்வுகளும் உதவின. காலுக்குக் கட்டுப்படும் காராக அது மாறியது.

ஆனா, பலன் உடனே கிடைக்கலை. 1972-ல் மோஸ்போர்ட்டில் நடந்த முதல் பந்தயத்தில் வால்வு ஒன்று சிக்கிக்கொள்ள, இரண்டாம் இடம்தான். அடுத்து, ரோடு அட்லாண்டாவில் நடந்த சோதனை ஓட்டத்தில் விபத்து, முழங்காலில் காயம். அவர் செதுக்கிய காரில் ஏறிய ஜார்ஜ் ஃபோல்மர் அந்த ஆண்டு பட்டத்தை வென்றார்.

1973-ல் டோனஹ்யூவின் முறை. 5.4 லிட்டர் இன்ஜின், சுமார் 1,100 குதிரைத்திறன் கொண்ட 917/30 காரில் 8 பந்தயங்களில் 6 வெற்றி. பட்டமும் அவருக்கே.

பத்தே நாளில்...

1975 ஆகஸ்ட் 9-ல், டலடேகா தளத்தில் அதே காரை மணிக்கு சுமார் 355 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். அடுத்த வாரம் ஆஸ்திரியாவில் ஃபார்முலா 1 பயிற்சி ஓட்டத்தின்போது டயர் பழுதாகி, கார் தடம் விலகியது. முதலில் நினைவோடுதான் இருந்தார். பிறகு தலைவலி, மூளையில் ரத்தக்கசிவு. ஆகஸ்ட் 19-ல் இறந்தபோது வயது 38.

இன்று எரிபொருளைக் கணக்கிட கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனாலும் டர்போ காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்பவர்கள், உச்ச சக்தியோடு பாதி பெடலில் என்ன நடக்குதுன்னும் பார்க்கிறார்கள். டோனஹ்யூ அன்று அளக்கச் சொன்னதும் அதைத்தான்.