கூடவே போன மிஷனெரி

ஈவான் ஜோன்ஸ் என்ற ஊழியரை நினைத்தால் எனக்கு நெஞ்சு உருகும். 1788-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். 1821-ல் அமெரிக்கா வந்து, வட கரோலினா மலைகளில் செரோக்கி என்னும் பூர்வகுடி ஜனங்கள் நடுவே பாப்டிஸ்டு மிஷனெரியாக ஊழியம் செய்தார். அவர்கள் பாஷையையும் கற்றார். ஜெசி புஷிஹெட் என்ற செரோக்கி போதகர் அவருக்கு உடன் ஊழியர்.

1838-ல் பட்டாளம் வந்தது. நிலத்தை வெள்ளையருக்குக் கொடுப்பதற்காக, செரோக்கி ஜனங்களைத் துப்பாக்கி முனையில் பிடித்து, ஆடுமாடு மாதிரி பட்டிகளில் அடைத்தார்கள். அங்கேயும் இருவரும் பிரசங்கித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நமக்கோ கூட்டத்துக்கு மின்விசிறி இல்லாவிட்டால் முறுமுறுப்பு!

பின்பு இன்றைய ஒக்லஹோமாவுக்கு, குளிர்காலத்தில் சுமார் ஆயிரம் மைல் பயணம். ஜோன்சுக்கு அப்போது 50 வயது. வெள்ளைக்காரர்தானே, பட்டாளம் அவரைப் பிடிக்கவில்லை, பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ ஒரு கூட்டத்துக்குத் துணைத் தலைவராகக் கூடவே போனார். புஷிஹெட் வேறொரு கூட்டத்தை நடத்தினார். மிசிசிப்பி ஆற்றைப் பனிக்கட்டி அடைத்ததால் கரையிலேயே பல நாள் கிடந்தார்கள். சுமார் 16,000 பேரில் 4,000 பேர் வரை மாண்டார்கள் என்கிறார்கள்.

1839-ல் போய்ச் சேர்ந்த பிறகும் ஜோன்ஸ் திரும்பவில்லை. 1844-ல் புஷிஹெட் மரித்தபின்பும் அங்கேயே ஊழியம் செய்தார். 1865-ல் செரோக்கி ஜனங்கள் அவரையும் அவர் மகனையும் தங்கள் தேசத்துக் குடிமக்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.