சுழல் துப்பாக்கி செய்த சாமுவேல் கோல்ட்

1830-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அது போய்ச் சேர வேண்டிய இடம், நம் நாட்டில் உள்ள கல்கத்தா.

அந்தக் கப்பலில் 16 வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்து இருந்தான். பாய்மரக் கப்பலில் வேலை என்றால் சும்மா இல்லை. கயிறு இழுக்க வேண்டும். மேல்தளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இத்தனைக்கும் நடுவே, கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும். பையன் ஒரு கத்தியையும் மரத்துண்டையும் எடுத்துக் கொண்டு உட்கார்ந்து விடுவான்.

அவன் செதுக்கியது பம்பரம் அல்ல, பொம்மையும் அல்ல. சுழலும் உருளை வைத்த ஒரு துப்பாக்கியின் மாதிரி!

அந்தப் பையன்தான் சாமுவேல் கோல்ட். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழல்வதையும், ஒவ்வொரு ஆரமும் ஓர் இடத்தில் வந்து சரியாக நிற்பதையும் பார்த்துத்தான் அவனுக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். ஆனால் அவனுக்கு முன்பே கோலியர் என்ற அமெரிக்கர், கையால் சுழற்றும் உருளைத் துப்பாக்கி செய்து, 1818-ல் இங்கிலாந்தில் உரிமை வாங்கி இருந்தார். அவற்றில் சில இந்தியாவுக்கும் வந்து இருந்தன. பையன் அதைப் பார்த்தானா, இல்லையா என்று இன்றும் பேசிக் கொள்கிறார்கள். எது எப்படியோ, மரத்தில் செதுக்கிய மாதிரி இன்னும் அவனுடைய ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெடி வைத்த சிறுவன்

சாமுவேல் கோல்ட் 1814-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி ஹார்ட்போர்டு நகரில் பிறந்தான். தந்தை வியாபாரி. வசதியான குடும்பம். ஆனால் வியாபாரம் நொடித்துப் போயிற்று. சாமுவேலுக்கு 7 வயது ஆகும் முன்பே தாயும் காச நோயால் இறந்து போனார். சிற்றன்னை வந்தாள். 11 வயதில் பையனை ஒரு விவசாயி வீட்டில் வேலைக்கு விட்டு விட்டார்கள்.

அவனுக்கு வெடிமருந்து என்றால் உயிர். 1829-ல், அமெரிக்க சுதந்திர தினத்தன்று, ஒரு குளத்தில் கட்டுமரத்தை வெடி வைத்துத் தூக்குவதாக ஊர் முழுவதும் சொல்லி வைத்தான். கூட்டம் கூடிவிட்டது. வெடி வெடித்தது. கட்டுமரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரும் சேறும் எழும்பி, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் தலையில் கொட்டின! நல்ல உடை உடுத்தி வந்தவர்கள் பையனை உதைக்கப் பாய்ந்தார்கள். எலிசா ரூட் என்ற இளம் மெக்கானிக் குறுக்கே நின்று அவனைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். இந்த ரூட்டின் பெயரை மறந்து விடாதீர்கள்.

பள்ளிக்கூடத்திலும் இதே வெடி விளையாட்டுத்தான். படிப்பு நின்றது. அதன் பிறகுதான் கல்கத்தா கப்பல்.

சிரிப்பு வாயு டாக்டர்

ஊருக்குத் திரும்பியதும் கொல்லரைப் பிடித்துத் துப்பாக்கி செய்து பார்த்தான். ஒன்று வெடித்துச் சிதறியது. நல்ல கொல்லரை வைக்கப் பணம் வேண்டுமே! என்ன செய்வது?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். சிரிப்பு வாயுவை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டு ஊர் ஊராகப் போனான். நியூயார்க், லண்டன், கல்கத்தா நகரங்களில் பெயர் பெற்ற டாக்டர் என்று தன்னைத்தானே சொல்லிக் கொண்டான். 18 வயதுப் பையன் எந்த ஊருக்கு டாக்டர்! மேடையில் ஏறியவர்கள் வாயுவை முகர்ந்து விட்டுச் சிரித்துக் குதித்தார்கள். கூட்டம் காசு கொடுத்தது. அந்தக் காசு எல்லாம் துப்பாக்கிக் கொல்லருக்குப் போயிற்று.

1835-ல் இங்கிலாந்திலும், 1836-ல் அமெரிக்காவிலும் கோல்ட் உரிமைப் பட்டயம் வாங்கினார். (இனி அவரை "அவர்" என்றே சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு வயது 21.)

என்ன புதுமை?

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டால், மறு தடவை சுடுவதற்குள் பெரும்பாடு. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்ட வேண்டும். குண்டைப் போட வேண்டும். கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். நன்றாகப் பழகிய சிப்பாய் கூட நிமிடத்துக்கு மூன்று தடவை சுட்டால் அதிகம்.

கோல்ட் துப்பாக்கியில், குழலுக்குப் பின்னால் ஓர் உருளை இருந்தது. அதில் ஐந்து, ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் முன்கூட்டியே மருந்தும் குண்டும் கெட்டித்து இருக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடி போல ஒரு சிறு மூடி, ஒவ்வோர் அறையின் பின்னாலும் செருகி இருக்கும். துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்தால், உருளை ஓர் அறை அளவு சுழன்று, குழலுக்கு நேராக வந்து பூட்டிக் கொள்ளும். விசையைத் தட்டினால் வெடிக்கும். மறுபடி இழுத்தால் அடுத்த அறை. கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து, ஆறு குண்டுகள்!

கோல்ட் என்றால் எல்லாருக்கும் கைத்துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய முதல் தொழிற்சாலையில் இருந்து முதலில் வந்தவற்றில் ஒன்று ரைபிள். அதாவது தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி. அதில் எட்டு அறைகள். விசைக்கு முன்னால் ஒரு வளையம். அதை இழுத்தால் உருளை சுழலும். அதே முறையில், ரவை போட்டுச் சுடும் வேட்டைத் துப்பாக்கியும் செய்தார். போருக்குப் போகும் நாடு ஆயிரக்கணக்கில் வாங்குவது ரைபிள்தான். கோல்ட் கண் வைத்தது அந்த வியாபாரத்தில்.

1837-ல் ராணுவ அதிகாரிகள் சோதித்துப் பார்த்தார்கள். நுணுக்கம் அதிகம், சாதாரணச் சிப்பாய்க்கு ஒத்து வராது என்று தள்ளி விட்டார்கள்.

கோல்ட் விடவில்லை. 1838-ல் புளோரிடாவுக்கே போனார். அங்கே செமினோல் என்ற பழங்குடி மக்களை அவர்களுடைய சொந்த மண்ணில் இருந்து விரட்ட அமெரிக்க ராணுவம் போர் நடத்திக் கொண்டு இருந்தது. கர்னல் ஹார்னி என்பவர் 50 ரைபிள்கள் வாங்கினார். ஒன்றின் விலை 125 டாலர். மொத்தம் 6,250 டாலர்! கோல்ட் மகிழ்ச்சியோடு படகில் ஏறினார். படகு கவிழ்ந்தது. உயிர் பிழைத்தார், பணத்துக்கான சீட்டு கடலோடு போயிற்று. ரைபிளை வாங்கிய சிப்பாய்களோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவற்றைக் கழற்றிப் போட்டார்கள். மறுபடி மாட்டத் தெரியவில்லை.

1842-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

டெக்சாஸ் கொடுத்த வாழ்வு

கோல்ட் துப்பாக்கியைக் காப்பாற்றியது, அவர் எதிர்பாராத இடம். டெக்சாஸ் என்ற பகுதி அப்போது தனி நாடு. அதன் கடற்படை வாங்கிய கோல்ட் கைத்துப்பாக்கிகள் சில, குதிரை வீரர்களிடம் வந்து சேர்ந்தன. 1844-ல் ஹேஸ் என்பவரின் தலைமையில் சுமார் 15 வீரர்கள், தங்களைப்போல் பல மடங்கு இருந்த கொமாஞ்சி பழங்குடியினரை எதிர்த்து நின்றார்கள். கொமாஞ்சிகள் வில்லில் வல்லவர்கள். வெள்ளையர் ஒரு தடவை சுட்டதும், மறுபடி கெட்டிப்பதற்குள் பாய்ந்து விடுவது அவர்கள் வழக்கம். அன்று அது பலிக்கவில்லை. சுட்ட துப்பாக்கி மறுபடியும் சுட்டது, மறுபடியும் சுட்டது.

அந்த வீரர்களில் ஒருவரான வாக்கர், மெக்சிகோ போரின்போது கோல்ட்டைத் தேடி வந்தார். 1847-ல் ஆயிரம் கைத்துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலையே இல்லை. வேறு ஒருவர் ஆலையில் வைத்துச் செய்து கொடுத்தார். அதோடு அவருடைய தரித்திரம் தீர்ந்தது.

ஹார்ட்போர்டில் சொந்த ஆலை எழுந்தது. அதை நடத்த அவர் 1849-ல் அழைத்து வந்தது யாரை? குளக்கரையில் அவரைக் காப்பாற்றிய அதே எலிசா ரூட்டை! ரூட் அமைத்த இயந்திரங்கள் ஒரே அளவான உறுப்புகளைச் செய்து தள்ளின. 1855-ல் ஆற்றோரமாக அணை கட்டி, நீல நிறக் கும்மட்டம் வைத்த பெரிய ஆலையை கோல்ட் கட்டினார். 1856-ல் எலிசபெத் ஜார்விஸ் என்ற பெண்ணை மணந்தார்.

இடது கைக்கு ஆபத்து

கோடிக்கணக்கில் பணம் வந்த பிறகும், கோல்ட் சுழல் ரைபிளை மறக்கவில்லை. 1855-ல் புது மாதிரி தயார் ஆயிற்று. அதே மாதிரியில் வேட்டைத் துப்பாக்கியும் வந்தது. ராணுவம் இந்த ரைபிளை வாங்கியது. சிப்பாயின் கையில் அதைக் கொடுத்த பிறகுதான் வினை தொடங்கியது.

கைத்துப்பாக்கியைச் சுடுகிறவர், கையை நீட்டிப் பிடிக்கிறார். அவருடைய கை, உருளைக்குப் பின்னால் இருக்கிறது. முகம் தூரத்தில் இருக்கிறது. ரைபிள் அப்படி அல்ல. வலது கை விசையில் இருக்கும். இடது கை முன்னால் நீண்டு, குழலைத் தாங்கும். கன்னம் உருளைக்குப் பக்கத்தில் ஒட்டி இருக்கும்.

உருளை சுழல வேண்டுமானால், அதற்கும் குழலுக்கும் இடையே மயிரிழை அளவாவது இடைவெளி வேண்டும். சுடும்போது அந்த இடைவெளி வழியாக நெருப்பும் புகையும் பீறிடும். ஈயத் துணுக்குகள் தெறிக்கும். கைத்துப்பாக்கியில் அது காற்றோடு போகும். ரைபிளில் அது முகத்திலும் இடது கையிலும் பட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பீறிட்ட நெருப்பு பக்கத்து அறையில் உள்ள மருந்தைப் பற்றிக் கொண்டால்? பட்டாசுச் சரம் போல அடுத்த அறைகளும் வெடிக்கும்! அந்தக் குண்டுகளுக்கு நேராகக் குழல் இல்லை. குழலைத் தாங்கிப் பிடித்த இடது கைதான் இருக்கிறது.

ஒவ்வோர் அறையின் வாயிலும் கொழுப்பைப் பூசினால் இது பெரும்பாலும் நடக்காது. ஆனால் குண்டு மழை பொழியும் போர்க்களத்தில் எந்தச் சிப்பாய் நின்று நிதானமாகக் கொழுப்பைப் பூசுவான்? சிலர் இடது கையையும் பின்னுக்கு இழுத்து, விசைக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டார்கள். சிலர் ஒரே ஓர் அறையில் மட்டும் குண்டு போட்டார்கள். அப்படியானால் மற்ற அறைகள் எதற்கு?

வேறு குறைகளும் இருந்தன. ஐந்து குண்டும் தீர்ந்தால், ஒவ்வோர் அறையாகக் கெட்டித்து முடிக்க வெகு நேரம் ஆகும். விலை 44 டாலர். சாதாரண ராணுவத் துப்பாக்கிக்கு 20 டாலர்தான். வேட்டைக்காரர்களும் இரட்டைக் குழல் துப்பாக்கியை விட்டு விட்டுச் சுழல் துப்பாக்கிக்கு ஓடி வரவில்லை. இரட்டைக் குழலில் இரண்டு வெடிதான். ஆனால் இடைவெளி கிடையாது, விரல் போகாது.

1861-ல் அமெரிக்காவின் வட பகுதிக்கும் தென் பகுதிக்கும் போர் மூண்டது. போர் தொடங்கும் நாள் வரை கோல்ட் இரு பக்கத்துக்கும் துப்பாக்கி விற்றார். அதற்காக அவரைத் தூற்றினார்கள். தூற்றியதில் தவறு இல்லை. கீல்வாத நோயால் படுத்த அவர், 1862-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி இறந்து போனார். வயது 47. அவர் விட்டுப் போன சொத்து சுமார் ஒன்றரைக் கோடி டாலர்.

மலை மேல் ஒரு பகல்

கோல்ட் செத்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, அவருடைய ரைபிளுக்கு ஒரு நாள் வந்தது.

1863-ம் ஆண்டு செப்டம்பர் 20. சிக்கமாகா என்ற இடத்தில் வட பகுதிப் படை தோற்றுச் சிதறி ஓடியது. ஒரு குன்றின் மேல் சில படைகள் மட்டும் நின்றன. அவற்றில் ஒன்று ஒஹையோ மாநிலத்தின் 21-ம் படை. அதில் சண்டையிட்டவர்கள் ஐந்நூறு பேருக்குச் சற்று அதிகம். அவர்களிடம் இருந்தது கோல்ட் சுழல் ரைபிள். தென் பகுதியார் மீண்டும் மீண்டும் ஏறி வந்தார்கள். மீண்டும் மீண்டும் ஐந்து ஐந்தாகக் குண்டுகள் பறந்தன. அன்று அந்த ஒரு படை மட்டும் சுட்டது 43 ஆயிரம் தடவைக்கு மேல்! எதிரிகள், தங்கள் எதிரே ஒரு பெரும் சேனையே நிற்பதாக நினைத்து விட்டார்கள்.

மாலையில் தோட்டா தீர்ந்தது. கோல்ட் ரைபிளின் தோட்டா வேறு. மற்றப் படைகளின் தோட்டா அதற்குப் பொருந்தாது. செத்துக் கிடந்த தோழர்களின் பைகளைத் துழாவி எடுத்துச் சுட்டார்கள். அதுவும் தீர்ந்தது. பலர் சிறைப்பட்டார்கள்.

அந்தப் போரிலேயே, உலோகத் தோட்டா போடும் ஸ்பென்சர் ரைபிளும் ஹென்றி ரைபிளும் வந்து விட்டன. அவை அடுத்தடுத்துச் சுட்டன. கையைச் சுடவில்லை. போர் முடிந்ததும், மிச்சம் இருந்த கோல்ட் ரைபிள்களை அரசாங்கம் விற்றுத் தீர்த்தது. 44 டாலர் கொடுத்து வாங்கிய ரைபிள், 42 சென்டுக்குப் போயிற்று!

பின்னாளில் உலோகத் தோட்டா வந்து, அடுத்த அறை வெடிக்கும் ஆபத்தைப் போக்கியது. இடைவெளி மட்டும் போகவில்லை. பிரேசில் நாட்டில் செய்த ஒரு சுழல் ரைபிளில், கையைக் காக்க உருளைக்குப் பக்கத்தில் தடுப்பு வைத்தார்கள்.

1864-ல் ஹார்ட்போர்டு ஆலை தீப்பிடித்தது. நீலக் கும்மட்டம் சரிந்து விழுந்தது. கணவர் இறந்த துக்கம் ஆறாத எலிசபெத், அதே இடத்தில் ஆலையையும் கும்மட்டத்தையும் திரும்பக் கட்டினார். கணவரின் நினைவாகவும், சிறு வயதிலேயே இறந்து போன மூன்று பிள்ளைகளின் நினைவாகவும் ஒரு தேவாலயமும் எழுப்பினார். ஆலைத் தொழிலாளர்கள் வந்து போக அதில் தனியாக ஒரு வாசல் உண்டு. அந்த வாசலின் கல்லில், சிலுவைகளுக்கு நடுவே துப்பாக்கி உறுப்புகளைச் செதுக்கி வைத்து இருக்கிறார்கள்.